பம்பாயில் கப்பல் கட்டிய ஜாம்ஷெட்ஜி வாடியா

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு வாடியா என்ற பெயர் புதிதல்ல. பரேலில் உள்ள வாடியா பிரசவ மருத்துவமனையில் பிறந்த தமிழ்க் குழந்தைகளுக்குக் கணக்கில்லை. பாம்பே டையிங் ஆலையை 1879-ல் தொடங்கியதும் அதே குடும்பம்தான். வாடியா சகோதரர்கள் தயாரித்த சண்டைப் படங்களைக் கொட்டகையில் பார்த்துக் கைதட்டியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். மருத்துவமனைக்கும் ஆலைக்கும் சினிமாவுக்கும் முன்னால் இக்குடும்பத்தார் செய்த தொழில் வேறு. அவர்கள் கப்பல் தச்சர்கள். குஜராத்தியில் வாடியா என்றாலே கப்பல் கட்டுகிறவர் என்று பொருள் சொல்லுவார்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கங்களில் ஓடாவி என்று நாம் அழைக்கிறோமே, அந்தத் தொழில்தான்.

இந்தக் குடும்பத்தில் பெரும்புகழ் பெற்றவர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1754-ல் பிறந்து 1821-ல் மறைந்தவர். உலகக் கடல்களில் ஆதிக்கம் செலுத்திய பிரிட்டிஷ் கடற்படைக்குப் பம்பாயில் இருந்தபடி போர்க்கப்பல்கள் கட்டிக் கொடுத்தவர். அவர் கட்டிய மரக்கப்பல் ஒன்று 200 ஆண்டுகளைக் கடந்து, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்றும் நீரில் மிதந்து கொண்டிருக்கிறது. அந்தக் கப்பலின் பெயர் திரிகோணமலை. கோணேசர் கோயில் கொண்ட அதே திரிகோணமலைதான். பம்பாயில் கட்டிய கப்பலுக்கு இலங்கைத் தமிழ் ஊரின் பெயர் வந்த கதையும் ஜாம்ஷெட்ஜியின் வாழ்க்கைக் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பிழைப்பு தேடி வந்த பாட்டனார்

ஜாம்ஷெட்ஜியின் பாட்டனார் லவ்ஜி நசர்வான்ஜி சூரத்தைச் சேர்ந்த பார்சி. அங்கே தன்ஜிபாய் என்ற கப்பல் கட்டும் முதலாளியிடம் மேஸ்திரியாக இருந்தார். 1735-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்களுக்கு ஒரு கப்பல் கட்டச் சொல்லி டட்லி என்ற அதிகாரியைச் சூரத்துக்கு அனுப்பினார்கள். லவ்ஜியின் கைவேலையைப் பார்த்த டட்லி அவரைப் பம்பாய்க்கு அழைத்தார். முதலாளியின் சம்மதம் இல்லாமல் வரமாட்டேன் என்று லவ்ஜி மறுத்துவிட்டார். சம்மதம் கிடைத்த பிறகே, 1736-ல், சில தச்சர்களையும் கூட்டிக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தார்.

அன்றைய பம்பாய் இன்று நாம் காணும் பெருநகரம் அல்ல. ஏழு தீவுகளும் ஒன்றாக இணைக்கப்படாத காலம். கோட்டையை ஒட்டிக் கம்பெனியின் சிறிய கப்பல்துறை இருந்தது. லவ்ஜியின் பொறுப்பில் அது வளர்ந்தது. 1750-ல் அங்கே உலர் டாக் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. ஆசியாவிலேயே இதுதான் முதல் உலர் டாக் என்பார்கள்.

உலர் டாக் என்பது கடலோரத்தில் கல்லால் கட்டிய பெரிய தொட்டி. கடல் பொங்கும் வேளையில் கப்பலை உள்ளே மிதக்கவிட்டு, நீர் வடிந்ததும் கதவை அடைத்துவிடுவார்கள். கப்பலின் அடிப்பாகம் முழுவதும் வெளியே தெரியும். தச்சர்கள் உள்ளே இறங்கி வேலை பார்க்கலாம். இதற்குக் கடலின் ஏற்ற இறக்கம் நன்றாக இருக்க வேண்டும். பம்பாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் 12 அடிக்கு மேல் ஏறி இறங்கும். சென்னைக் கரையில் அது மிகவும் குறைவு. ஆகவே இந்தியக் கடலில் அடிப்பாகம் பழுதுபட்ட பெரிய போர்க்கப்பல் எதுவானாலும் பம்பாயைத் தேடித்தான் வரவேண்டியிருந்தது. வாடியா குடும்பத்தின் செல்வாக்குக்கு இதுவே அடிப்படை.

மாதம் 12 ரூபாய்

லவ்ஜிக்கு மானெக்ஜி, பொமன்ஜி என இரண்டு மகன்கள். மானெக்ஜியின் மகன் பிராம்ஜி. பொமன்ஜியின் மகன் ஜாம்ஷெட்ஜி. 1772-ல் லவ்ஜி தம் பேரர்கள் இருவரையும் கப்பல்துறையில் சேர்த்துவிட்டார். மேஸ்திரியின் பேரர்கள் என்பதற்காக மேசையும் நாற்காலியும் கிடைக்கவில்லை. மாதம் 12 ரூபாய் கூலிக்குச் சாதாரணத் தச்சர்களாக வேலை செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மரம் அறுக்கவும், இழைக்கவும், பலகை பொருத்தவும், மூட்டுகளில் பஞ்சு திணித்துக் கீல் பூசவும் தெரியாதவன் மற்றவரை மேய்க்க முடியாது என்பது கிழவரின் கொள்கை. அப்போது ஜாம்ஷெட்ஜிக்கு வயது 18.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1774-ல், லவ்ஜி இறந்தார். அத்தனை கப்பல் கட்டிய மனிதர் விட்டுச் சென்றது ஒரு வீடும், 20,000 ரூபாய்க்கும் குறைந்த பணமும்தான். பேரர்களுக்கு அதைவிடப் பெரிய சொத்து அந்த இரண்டு ஆண்டுத் தச்சு வேலை.

திரிகோணமலைப் போர்

1782-ஆம் ஆண்டு இந்தியக் கடல்களில் பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கடும் போர் மூண்டது. பிரிட்டிஷ் படைக்குத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ்; பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் சப்ரன். அந்த ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டிஷார் பிடித்த திரிகோணமலைத் துறைமுகத்தை ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிக்கொண்டனர். செப்டம்பர் 3-ஆம் தேதி திரிகோணமலைக்கு வெளியே நடுக்கடலில் இரு படைகளும் மோதின. இரு தரப்பிலும் கப்பல்கள் சின்னாபின்னமாயின.

பிறகு ஹியூஸ் தம் கப்பல்களைச் செப்பனிடப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். பாய்மரம் முறிந்தவை, பீரங்கிக் குண்டுகள் துளைத்தவை, நீர் கசிந்தவை என வரிசையாக வந்து நின்றன. மானெக்ஜியும் பொமன்ஜியும் அந்த வேலையை நடத்தினார்கள். பேரர்கள் துறையில் சேர்ந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. குண்டடி பட்ட ஒரு கப்பல் எங்கே பலவீனம், எங்கே பலம் என்பதை அறிய அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

1790-ல் பொமன்ஜியும் 1792-ல் மானெக்ஜியும் காலமானார்கள். அதன்பின் பிராம்ஜியும் ஜாம்ஷெட்ஜியும் சேர்ந்து தலைமைத் தச்சர் பதவியை ஏற்றனர். 1804-ல் பிராம்ஜி இறந்தபின் முழுப் பொறுப்பும் ஜாம்ஷெட்ஜியின் தோளில் விழுந்தது.

தேக்கும் ஓக்கும்

ஐரோப்பாவில் அப்போது நெப்போலியன் காலத்துப் போர்கள் நடந்துகொண்டிருந்தன. பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்கள் ஓக் மரத்தால் ஆனவை. ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஆயிரக்கணக்கான மரங்கள் வேண்டும். ஓக் வளர நூறாண்டு ஆகும். இங்கிலாந்தின் காடுகளில் நல்ல மரம் அருகிப்போயிற்று.

பம்பாய்க்கோ மலையாளக் கரையிலிருந்து தேக்கு வந்துகொண்டிருந்தது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது மரத்தையும் காக்கும். அதில் அடித்த இரும்பு ஆணியையும் காக்கும். ஓக்கில் உள்ள துவர்ப்புச் சத்து ஆணியை அரித்துவிடும். குண்டு பாய்ந்தால் ஓக் சிம்புகளாகத் தெறித்து மாலுமிகளைக் கொல்லும். தேக்கில் அந்த ஆபத்து குறைவு என்று கருதினார்கள். ஓக் கப்பல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய பழுதுக்கு வந்துவிடும். தேக்குக் கப்பல் ஐம்பது ஆண்டு உழைக்கும்.

மரம் மட்டும் போதாது. பலகைகளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்காமல், ஒன்றின் விளிம்பு மற்றதன் காடியில் உட்காரும்படி இழைத்துப் பொருத்துவது மேற்குக் கரைத் தச்சர்களின் வழக்கம். சொட்டு நீர் உள்ளே வராது. பொருத்துவதற்கு நேரமும் கைப்பழக்கமும் வேண்டும். அது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்.

லண்டனின் தயக்கம்

1800-ல் ஜாம்ஷெட்ஜியும் பிராம்ஜியும் கம்பெனிக்காகக் கார்ன்வாலிஸ் என்ற பிரிகேட் கப்பலைக் கட்டினார்கள். பிரிகேட் என்பது வேகமாகச் செல்லும் நடுத்தரப் போர்க்கப்பல். அதன் உறுதி லண்டன் வரை பேசப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படைக்கே பம்பாயில் கப்பல் கட்டலாம் என்ற எண்ணம் 1802-ல் உருவாயிற்று.

ஆனால் ஒரு தயக்கம். மன்னரின் போர்க்கப்பலை ஓர் இந்தியரின் பொறுப்பில் விடுவதா? இங்கிலாந்திலிருந்து ஒரு தலைமைத் தச்சரை அனுப்பி, அவருக்குக் கீழே வேலை நடத்தலாம் என்று முதலில் யோசித்தார்கள். ஜாம்ஷெட்ஜியின் திறமையை நேரில் கண்டவர்கள் எடுத்துச் சொன்னபிறகே அந்த யோசனை கைவிடப்பட்டது. மேலே வேறொருவர் இல்லாமல், தம் பொறுப்பிலேயே கட்டும் உரிமை அவருக்குக் கிடைத்தது. 1804-ல் கம்பெனியார் அவருக்கு வெள்ளியால் ஆன அளவுகோல் ஒன்றைப் பரிசளித்தார்கள். தச்சருக்கு ஏற்ற பரிசு. லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் ஜாம்ஷெட்ஜியின் ஓவியம் இருக்கிறது. அதில் அந்த வெள்ளிக்கோலை இடுப்புக் கச்சையில் செருகியபடி காட்சி தருகிறார்.

இந்தக் காலத்தைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லுவார்கள். வெள்ளையர் தம்மை எந்தச் சொல்லால் ஏசுவார்கள் என்பது ஜாம்ஷெட்ஜிக்குத் தெரியும். 1800-ல் கார்ன்வாலிஸ் கப்பலின் அடிக்கட்டையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், இதைக் கட்டியவன் ஒரு கறுப்பன் என்று, அந்த வசைச்சொல்லையும் சேர்த்தே ஆங்கிலத்தில் செதுக்கி வைத்தாராம். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கப்பல் மறுபடி துறைக்கு வந்தபோது, அதன் உறுதியைப் புகழ்ந்தவர்களை உள்ளே அழைத்துப் போய் அந்த எழுத்தைக் காட்டினாராம். ஏசிய வாய்க்கு அவர் கொடுத்த பதில் அந்தக் கப்பல்தான்.

மிண்டன் மிதந்த நாள்

பெரிய கப்பல்களுக்குப் பழைய டாக் போதவில்லை. கவர்னர் டங்கன் பெயரால் புதிய டாக் 1807-க்கும் 1810-க்கும் இடையே கட்டி முடிக்கப்பட்டது. கடற்படையின் டாக்யார்டுக்குள் இன்றும் அது இருக்கிறது. லயன் கேட் வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதை அறிவார்கள்.

அந்த டங்கன் டாக்கில் 1810 ஜூன் 19 அன்று மிண்டன் என்ற கப்பல் நீரில் இறங்கியது. 74 பீரங்கிகள் தாங்கும் இரண்டடுக்குப் பெருங்கப்பல். கடற்போரில் முன்வரிசையில் நின்று சுடும் அத்தகைய பெருங்கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பிரிட்டனுக்கு வெளியே கட்டியது அதுவே முதல் தடவை. தொடர்ந்து 1813-ல் கார்ன்வாலிஸ் என்றே பெயர் கொண்ட 74 பீரங்கிக் கப்பல், 1815-ல் வெல்லஸ்லி என்று வரிசையாக வந்தன.

தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் முதலாளிகளும் தச்சர்களும் இந்தியக் கப்பல்களைக் கண்டு முன்பே கூச்சல் போட்டிருந்தார்கள். தங்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்பது அவர்கள் குறை. வெளியூர்க்காரன் நன்றாக உழைத்தால் உள்ளூரில் எழும் முணுமுணுப்பு எல்லா நாட்டுக்கும் பொது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கப்பல்கள் நம்மை அடக்கி ஆண்ட ஆட்சியின் ஆயுதங்கள். அபினி வியாபாரத்துக்காகச் சீனாமீது நடத்திய போரின் முடிவில், ஹாங்காங்கைப் பறித்த நான்கிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்டு 29 அன்று ஜாம்ஷெட்ஜி கட்டிய கார்ன்வாலிஸ் கப்பலின் மேல்தான் கையெழுத்தானது. அவர் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது அது.

வழியில் தொலைந்த வரைபடம்

1812-ல் பம்பாயில் ஒரு பிரிகேட் கட்ட உத்தரவு பிறந்தது. அதன் வரைபடங்களை ஏற்றிக்கொண்டு ஜாவா என்ற போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அப்போது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர். 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் கான்ஸ்டிடியூஷன் என்ற அமெரிக்கக் கப்பல் ஜாவாவை வழிமறித்துத் தோற்கடித்தது. வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவில்லை. மறுபடி வரைந்து வேறொரு கப்பலில் அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆகவே 1816-ல்தான் வேலை தொடங்கியது. கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையில் பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணி ஒன்று அடிக்கப்பட்டது. நீளம் 150 அடி, அகலம் சுமார் 40 அடி. எடை கணக்கில் 1,000 டன்னுக்கு மேல். 38 பீரங்கி வகை. செலவு 23,000 பவுன். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. 1782-ல் நடந்த கடற்போரின் நினைவாக அதற்குத் திரிகோணமலை என்று பெயரிட்டார்கள். அந்தப் போரில் அடிபட்டு வந்த கப்பல்களைச் செப்பனிட்ட அதே துறையில், 35 ஆண்டுகள் கழித்து, அப்போரின் பெயரைச் சுமக்கும் கப்பல் பிறந்தது.

கப்பல் பம்பாயை விட்டுப் புறப்பட்டு, நெப்போலியன் சிறை வைக்கப்பட்டிருந்த செயின்ட் ஹெலினா தீவைத் தொட்டு, 1819 ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மவுத் சேர்ந்தது. அதற்குள் ஐரோப்பாவில் போர்கள் முடிந்துவிட்டன. புதுக் கப்பலுக்கு வேலை இல்லை. மேலே கூரை போட்டுக் கட்டி வைத்துவிட்டார்கள்.

1821 ஆகஸ்டு 31 அன்று ஜாம்ஷெட்ஜி காலமானார். வயது 67. அப்போது துறையில் கங்கை என்ற 84 பீரங்கிக் கப்பல் முடியும் தறுவாயில் இருந்தது. அவர் மகன் நவ்ரோஜி அதை முடித்து அதே ஆண்டு நவம்பரில் நீரில் இறக்கினார். நீராவிக் கப்பல் கட்டும் கலையைக் கற்கப் பேரன் ஜஹாங்கீர் 1838-ல் இங்கிலாந்து சென்றார். இக்குடும்பத்தின் அர்தேஷிர் கர்செட்ஜி 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் இரும்பும் நீராவியும் வந்தபின் மரக்கப்பலுக்கு மதிப்புக் குறைந்தது. பம்பாய்த் துறையில் கப்பல் கட்டும் வேலை மெல்ல மெல்ல நின்றது.

கப்பல் பட்ட பாடு

திரிகோணமலைக் கப்பல் கால் நூற்றாண்டு சும்மா கிடந்தது. 1845-ல் பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து மாற்றி அமைத்தார்கள். 1847 முதல் 1850 வரை அட்லாண்டிக் கடலிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலிலும் பணியாற்றியது. பிறகு இளைஞர்களுக்குக் கப்பல் தொழில் கற்றுத் தரும் பயிற்சிக் கப்பலாயிற்று. அந்த நாட்களில் சில காலம் ஹார்ட்டில்பூலிலும் நின்றது.

1897-ல் அதை உடைத்து விற்க ஏலம் விட்டார்கள். வாங்கியவர் பழைய மரம் விற்கும் வியாபாரி. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே ஆண்டு வீட்லி காப் என்ற செல்வர் தம் சொந்தச் செலவில் நடத்திய பூத்ராயன் என்ற பயிற்சிக் கப்பலைப் புயலில் இழந்தார். அதற்குப் பதிலாக வேறு கப்பல் தேடியவர், வியாபாரியிடமிருந்து இதை வாங்கிக்கொண்டார். பழைய கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார். திரிகோணமலை என்ற பெயர் போயிற்று, கப்பல் பிழைத்தது. 1986 வரை பல்லாயிரம் சிறுவர் சிறுமியர் அதில் பயிற்சி பெற்றனர்.

உடன்பிறந்த கப்பல்களின் கதி வேறு. வெல்லஸ்லி 1940-ல் ஜெர்மன் விமானங்களின் குண்டுக்கு இரையாகித் தேம்ஸ் நதியில் மூழ்கியது. பின்னர் அதன் மரங்களில் சில லண்டன் நீதிமன்றக் கட்டடத்தைப் பழுது பார்க்கப் பயன்பட்டன. கார்ன்வாலிஸ் ஒரு கப்பல்துறையில் தோணித் துறையாகக் கிடந்து 1957-ல் உடைக்கப்பட்டது. நீரில் இறங்கி 144 ஆண்டுகளுக்குப் பிறகு!

1987-ல் திரிகோணமலையைப் பெரிய தட்டைப் படகு ஒன்றில் ஏற்றி மறுபடி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கங்களும் கப்பல் பட்டறைகளும் மூடப்பட்டு வேலையில்லாமல் தவித்த வட்டாரம் அது. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. பலகை பலகையாகச் சோதித்து, உளுத்ததை நீக்கிப் புது மரம் வைத்தார்கள். மூன்று பாய்மரங்களையும் நிறுத்தினார்கள். 1992-ல் பழைய பெயர் திரும்ப வந்தது. 2001-ல் வேலை முடிந்தது. செலவு சுமார் ஒரு கோடிப் பவுன்.

மரங்களைச் சோதித்தபோது தெரிந்த உண்மை ஒன்று உண்டு. கப்பலின் மரத்தில் பாதிக்கு மேல் 1817-ல் பம்பாயில் வைத்த அதே தேக்கு. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இன்று நீரில் மிதப்பவற்றுள் இதுவே மிகப் பழையது. நெல்சனின் விக்டரி இதைவிட மூத்தது என்றாலும் அது உலர் டாக்கில் நிற்கிறது. வரைபடத்தை வழிமறித்த அமெரிக்கக் கான்ஸ்டிடியூஷனும் பாஸ்டன் துறைமுகத்தில் இன்னும் மிதக்கிறது. பகையாகத் தொடங்கிய இரண்டு கப்பல்களும் இருநூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டன.

ஹார்ட்டில்பூல் கப்பலின் முகப்பில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதரின் மரச்சிற்பம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் இக்கப்பல் எங்கே, யாரால் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறார்கள். தம் பெயரை வெளிப்படையாகப் போட்டுக்கொள்ள முடியாமல் அடிக்கட்டையில் மறைவாக எழுதியதாகச் சொல்லப்படும் ஜாம்ஷெட்ஜியின் பெயர், இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குக் கீழே கோடரியும் இழைப்புளியும் பிடித்த நூற்றுக்கணக்கான தச்சர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் பொருத்திய பலகைகள் மட்டும் பொருத்திய இடத்திலேயே இருக்கின்றன.